பேறுகால மனநோய்: வைத்தியம் தாய்க்கு மட்டும் போதாது

பிள்ளை பெற்ற பெண்ணை நம் ஊரில் யாரும் தனியாக விடுவதில்லை. பக்கத்திலேயே அம்மா இருப்பார். குழந்தையைக் குளிப்பாட்டக் கைப்பழக்கமுள்ள ஒரு பாட்டியோ அத்தையோ வந்து போவார். பத்தியச் சாப்பாடு, பிரசவ லேகியம், வெந்நீர், காதுக்குப் பஞ்சு என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. பார்க்க வருகிறவர்கள் வேறு. இத்தனை பேர் இருக்கிற வீட்டில் அந்தப் பெண்ணுக்கு வந்த மனநோய் மட்டும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது.

அக்கறை இல்லாததால் இப்படி நடக்கிறது என்று நான் நினைக்கவில்லை. தையல் ஆறியதா, பால் சுரக்கிறதா, குழந்தை எடை ஏறியதா என்பதிலேயே வீட்டின் கவனம் முழுதும் இருக்கிறது. மனம் மாறியிருப்பது தெரிந்தாலும் அதற்குப் பதில்கள் கைவசம் இருக்கின்றன. “பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்.” “செல்லமா வளர்ந்தவ, போகப் போகச் சரியாயிடும்.” “கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடுங்க.” இந்தப் பேச்சிலேயே நாட்கள் ஓடிவிடும். நிலைமை முற்றி மருத்துவமனைக்கு ஓடினால், மருத்துவர் தாயைப் பார்ப்பார், மாத்திரை எழுதுவார். கூட வந்தவர்களிடம் “வேளாவேளைக்குக் கொடுங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மனநல வார்டில் செவிலியர் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இந்தியாவில் வீட்டார்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை. தாய்க்கு வைத்தியம் தொடங்கும் அன்றே வீட்டாருக்கும் உதவி தொடங்க வேண்டும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

முதலில் நோயைப் பற்றி. கருவுற்றதிலிருந்து பிரசவமாகி ஓராண்டு வரையிலான காலத்தைத்தான் மனநல மருத்துவத்தில் பேறுகாலம் என்கிறார்கள். அந்தக் காலத்தில் வருவது ஒரே நோய் அல்ல. பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணமே இல்லாமல் அழுகை பொங்குவதும், சட்டென்று எரிச்சல் வருவதும் பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு நடப்பவை. அது நோயே இல்லை. கொஞ்சம் தூக்கமும் ஆறுதலும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லாமல், தன்னால் எதற்கும் பயனில்லை என்ற நினைப்போடு ஒரு தாய் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் 2017-இல் வெளியான ஒரு தொகுப்பு, பிரசவித்த பெண்களில் சுமார் 22% பேருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கணக்கிட்டது. ஊருக்கு ஊர், ஆய்வுக்கு ஆய்வு இந்த எண் மாறும். ஆனால் எந்தக் கணக்கை எடுத்தாலும் அபூர்வம் என்று சொல்ல முடியாத அளவு அது.

நம் பெண்கள் “மனசு சரியில்லை” என்று வாய்விட்டுச் சொல்வது குறைவு. “உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு”, “நெஞ்சு படபடங்குது”, “சோறு இறங்கல” என்றுதான் வரும். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் அவசியம். வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க எளிதான அடையாளம் தூக்கம். குழந்தை எழுப்பியதால் தூக்கம் கெடுவது எல்லா வீட்டிலும் உள்ளது. குழந்தை அசந்து தூங்குகிறது, வேறு ஆளும் பக்கத்தில் இருக்கிறார், அப்போதும் தாய் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார் என்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று பேச்சு. “என்னைவிட நீங்கதான் இவனை நல்லா வளர்ப்பீங்க”, “நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி” என்ற மாதிரி வார்த்தைகள் வந்தால், “சாகணும்னு தோணுதாம்மா?” என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதே பலருக்கு முதல் பிடிமானம். ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டார் பெரிதும் குழம்பிப்போகும் இடம் ஒன்று உண்டு. சில தாய்மாருக்குக் குழந்தையைத் தானே கீழே போட்டுவிடுவோமோ, கத்தி எடுத்தால் ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வேண்டாத விருந்தாளி போல் திரும்பத் திரும்ப வரும். அந்த எண்ணத்தைக் கண்டு அவர்களே நடுங்கிப்போவார்கள். சமையலறைக்குப் போக மாட்டார்கள், குழந்தையைத் தொடவே பயப்படுவார்கள். இது எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வடிவம். இவர்கள் அந்த எண்ணப்படி நடந்துவிடும் ஆபத்து மிகக் குறைவு. அந்த எண்ணத்துக்கு எதிராக அவர்கள் மனமே போராடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இதை வெளியே சொன்னால் “கொலைகாரி” என்று பார்ப்பார்களோ என்று பயந்து சொல்லாமலே புழுங்குவார்கள். அப்படி ஒரு பெண் துணிந்து சொல்லும்போது, பதறிப்போய்க் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் அவர் மறுபடி வாயே திறக்க மாட்டார்.

இதற்கு முற்றிலும் வேறானது பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோய். ஆயிரம் பிரசவத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் திடீரென்று வரும். இரண்டு மூன்று நாள் தூக்கமே இருக்காது. பேச்சு தாறுமாறாகும். ஒரு நேரம் குதூகலம், ஒரு நேரம் அழுகை, ஒரு நேரம் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாத மயக்கம். காதில் குரல் கேட்கும். இந்தக் குழந்தை என்னுடையது இல்லை, மாற்றிவிட்டார்கள் என்றோ, குழந்தைக்குள் தெய்வமோ பேயோ புகுந்திருக்கிறது என்றோ உறுதியாக நம்புவார். எண்ணச் சுழற்சி உள்ளவருக்குத் தன் எண்ணத்தைக் கண்டு பயம். இவருக்குத் தன் நம்பிக்கையில் சந்தேகமே இல்லை. இது அவசரம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அதுவரை தாயையும் குழந்தையையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 8, 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. ஆயிரத்துக்கு ஒருவர் என்று வைத்தாலும் வருடத்துக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் குடும்பங்கள் இதைச் சந்திக்கின்றன. பழைய தலைமுறை இதை ஜன்னி என்றது, இன்றைக்கும் பல வீடுகளில் பேய் பிடித்திருக்கிறது என்கிறார்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கும்பிட்டு ஆறுதல் அடைவது வீட்டாருக்கும் பலம்தான். ஆனால் மருத்துவமனைக்குப் போய்விட்டுக் கோயிலுக்குப் போங்கள். சரியாக வைத்தியம் செய்தால் பெரும்பாலான பெண்கள் முழுதாகக் குணமாகிவிடுகிற நோய் இது.

வீட்டுக்குள் என்ன இருக்கிறது

வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் சிஎம்சி என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருந்த 359 கிராமத்துப் பெண்களைப் பார்த்துப் பேசி, பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வின்படி பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11%. அந்த எண்ணைவிட, யாருக்கு வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வருமானம் குறைந்த வீட்டுப் பெண்கள். பையன் வேண்டும் என்று காத்திருந்து பெண் பிறந்தவர்கள். மாமியாரோடோ தன் பெற்றோரோடோ மனத்தாங்கல் உள்ளவர்கள். கர்ப்ப காலத்தில் பெரிய துயரம் நேர்ந்தவர்கள். வீட்டு வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாதவர்கள். அதே 2002-இல் கோவாவில் இருந்து வந்த ஓர் ஆய்வில், பிரசவித்து 6 முதல் 8 வாரமான பெண்களில் 23% பேருக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்ப காலத்திலேயே மனநலம் குலைந்திருந்தது. அங்கேயும் பெண் குழந்தை, வறுமை என்று அதே காரணங்கள், கூடவே கணவனின் அடி உதை.

ஹார்மோன் மாற்றம், பரம்பரை, முன்பே இருந்த மனநோய் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. தீவிர மனநோயில் அவைதான் முதன்மை. ஆனால் கணியம்பாடிப் பட்டியலைத் திரும்பப் படித்தால், அதில் பாதிக்கு மேல் வீட்டுக்குள் நடக்கிற விஷயம். “பொண்ணா? சரி, அடுத்தது பையனா இருக்கும்” என்று பார்க்க வந்தவர் ஆறுதலாகச் சொல்வதுகூட, உள்ளே ஏற்கெனவே நொறுங்கியிருக்கிற பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டும். குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதைச் சொல்லவில்லை. நோயை வளர்க்கும் இடம் வீடு என்றால், அதைக் குறைக்கும் இடமும் அதுவாகத்தானே இருக்க முடியும்?

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற நம் வழக்கத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டு அழைத்துவந்து, பிரசவமாகி மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் என்று பார்த்து அனுப்பிவைப்பார்கள். பெரும்பாலான பெண்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. வேலை இல்லை, ஓய்வு உண்டு, கேட்டதைச் செய்து தர அம்மா உண்டு. ஆனால் மனநோய் வந்துவிட்டால் இதே ஏற்பாடு சிக்கலாகிறது. கணவர் வேறு ஊரில் இருப்பார். வாரக் கடைசியில் வந்து பார்ப்பார், மற்ற நாட்களில் போனில் பேசுவார். மனைவி சரியாகப் பேசவில்லை என்றால் அம்மா வீட்டுக்குப் போனதும் மாறிவிட்டாள் என்று நினைப்பார். தாய்வீட்டில் விஷயம் தெரிந்தவர்களோ, சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பதில் குறியாக இருப்பார்கள். “கொஞ்சம் அசதியா இருக்கா மாப்பிள்ளை” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வெளியே வராது.

அந்த மறைப்புக்குப் பின்னால் இருப்பது உண்மையான பயம். பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? விவாகரத்துக்கு இதையே காரணம் காட்டினால்? இந்து திருமணச் சட்டத்தில் மனநோயும் ஒரு காரணமாக இருப்பது உண்மைதான். ஆனால் நோயின் பெயரைச் சொன்னாலே விவாகரத்துக் கிடைத்துவிடாது. சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு நோய் கடுமையானது என்று நிரூபிக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1988-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் தெளிவாக்கியிருக்கிறது. சில மாதத்தில் குணமாகும் பேறுகால மனச்சோர்வை வைத்துக்கொண்டு ஒருவர் நீதிமன்றத்தில் எளிதில் ஜெயித்துவிட முடியாது. இந்த ஒரு தகவலைத் தெரிந்துகொண்டாலே பல பெற்றோருக்கு மூச்சு சீராகும்.

மறைப்பதால் வரும் பெரிய கேடு மருத்துவம் அறுந்துபோவது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும். குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்பது பொதுவான மருத்துவ வழக்கம். இதை வளைகாப்புக் காலண்டரோடு சேர்த்துப் பாருங்கள். மாத்திரை பலன் தரத் தொடங்குகிற நேரத்தில்தான் பெண் கணவர் வீட்டுக்குப் போகிறார். அங்கே போனால் மாத்திரையை மறைத்து விழுங்க வேண்டும், இல்லை நிறுத்த வேண்டும். மருத்துவர் இருப்பது தாய்வீட்டு ஊரில். அங்கே ஓய்வாக இருந்தவருக்கு இங்கே வேலையும் கூடுகிறது. நோய் திரும்ப வர இதைவிட வசதியான நேரம் இல்லை. அதனால்தான், சிகிச்சையின் தொடக்கத்திலேயே அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு கணவரை வரவழைத்துப் பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். முடிந்தால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து மருத்துவர் வாயால் கேட்க வேண்டும். ‘உங்க பொண்ணுதான் ஏற்கெனவே இப்படி’, ‘உங்க வீட்டில்தான் அவளைப் படுத்தினீங்க’ என்ற சண்டைக்கு முன்னால் ஒரு மருத்துவர், “இது பிரசவத்தை ஒட்டி வரும் நோய், யார் தப்பும் இல்லை, குணமாகும்” என்று சொல்வது நான்கு மாத்திரைக்குச் சமம். ஊர் மாறும்போது மருந்துச் சீட்டின் நகலும் மருத்துவரின் கடிதமும் கையோடு போக வேண்டும்.

இரண்டு வீட்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் யார் பேச்சு செல்லும்? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதை அந்தப் பெண்ணிடமே விட்டிருக்கிறது. தன் சார்பாக யார் பேசலாம் என்பதை அவரே வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுக்கலாம். கணவரையும் சொல்லலாம், அம்மாவையும் சொல்லலாம், அக்காவையும் சொல்லலாம். பத்திரப் பதிவெல்லாம் வேண்டியதில்லை. பலருக்கு இது தெரியாது, மருத்துவமனைகளும் பெரும்பாலும் சொல்வதில்லை.

இரவு, பால், மாத்திரை

வீட்டார் செய்யக்கூடியவற்றில் முதலிடம் எதற்கு என்று கேட்டால் இரவுத் தூக்கத்துக்கு என்பேன். தூக்கம் கெடுவது மனச்சோர்வைக் கூட்டும். அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் உள்ள பெண்ணுக்கு அடுத்தடுத்து சில இரவுகள் தூக்கம் போனால் நோய் வெடித்துக் கிளம்பவே அது போதும். “நேரம் கிடைக்கும்போது தூங்கும்மா” என்று சொல்லிவிட்டுப் போவதால் பயனில்லை. இரவில் நான்கைந்து மணி நேரமாவது ஒரே ஓட்டமாகத் தூங்க வழி செய்ய வேண்டும். அதற்கு அந்த நேரத்தில் குழந்தை வேறொருவர் பொறுப்பில், வேறு அறையிலோ எட்டத்திலோ இருக்க வேண்டும். பாலைப் பீய்ச்சி வைத்துப் பாலாடையில் புகட்டலாம். முடியாதபோது மருத்துவரைக் கேட்டு ஒரு வேளை பால்பவுடர் கொடுப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. ஒரே ஆள் எல்லா இரவும் விழித்தால் அவர் படுத்துவிடுவார். அம்மா, கணவர், தங்கை என்று முறைவைத்துக்கொள்ள வேண்டும். தூக்கம் தரும் மாத்திரை சாப்பிடுகிற தாயின் அணைப்பில் குழந்தையைப் படுக்கவைக்கக் கூடாது என்பதையும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அடுத்தது மாத்திரை. “பால் குடிக்கிற பிள்ளைக்கு ஆகாது” என்று வீட்டாரே நிறுத்திவிடுவது சகஜம். செர்ட்ரலின் போன்ற சில மனச்சோர்வு மாத்திரைகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே சேர்கின்றன. இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியம் போன்றவற்றில் அதிக எச்சரிக்கை வேண்டும். எது என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். பால் கொடுக்கிறார் என்பதை அவரிடம் சொன்னால் போதும், அதற்கேற்ற மருந்து எழுதுவார். பாலா மாத்திரையா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் வராது. திடீரென்று மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

அப்புறம், குழந்தை யார் கையில் இருக்கிறது என்பது. தாய்க்கு முடியவில்லை என்றதும் குழந்தையை முழுதாக எடுத்துக்கொண்டுவிடும் பாட்டிகள் உண்டு. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் ‘நான் இந்தப் பிள்ளைக்குத் தேவையே இல்லை’ என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அது அந்த நினைப்பை உறுதி செய்துவிடும். வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தையை எடுத்துக்கொள்ளாதீர்கள். துணி துவைப்பது, சமைப்பது, வந்தவர்களைச் சமாளிப்பது எல்லாம் வீட்டாருடையது. பக்கத்தில் ஒருவர் இருக்க, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசுவது, எண்ணெய் தேய்ப்பது, தாலாட்டு பாடுவது தாயினுடையது. ஆரம்பத்தில் பாசம் வரவில்லை என்று அவர் சொன்னால் அதற்காகத் திட்ட வேண்டாம். நோய் இறங்க இறங்க அது வரும்.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் 2009 முதல் தாய்சேய் மனநலப் பிரிவு ஒன்று இயங்குகிறது. தீவிரமாகப் பாதிக்கப்பட்ட தாயையும் கைக்குழந்தையையும் சேர்த்தே அனுமதிக்கும் வார்டு அது. இந்த யோசனை 1940-களின் இறுதியில் இங்கிலாந்தில் பிறந்தது. அங்கே இப்படிப்பட்ட பிரிவுகளில் குழந்தையைப் பார்ப்பது செவிலியர்களின் பொறுப்பு. பெங்களூருவில் தாயோடு வீட்டாரில் ஒருவரும் தங்குகிறார். பெரும்பாலும் அது பெண்ணின் அம்மாவாக இருக்கும். தாய் எப்போது குழந்தையைத் தூக்கலாம், எப்போது பக்கத்தில் ஆள் வேண்டும், எந்த அறிகுறி கண்டால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று அந்தப் பாட்டியும் அங்கேயே கற்றுக்கொள்கிறார். வீடு திரும்பும்போது மருந்தோடு பயிற்சி பெற்ற ஓர் ஆளும் போகிறார் என்று அர்த்தம். பெரிய மருத்துவக் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று படுக்கையாவது இப்படி ஒதுக்க முடியும் என்பது என் நம்பிக்கை.

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. மனநல நிலையத்தில் சேர்க்கப்படும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவு. குழந்தைக்கு ஆபத்து என்று மனநல மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அந்த முடிவை 15 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். தொடர்ந்து 30 நாளுக்கு மேல் போனால் மனநல ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ‘பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள்’ என்ற பயத்தால் மருத்துவமனைக்கே வராத குடும்பங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

ராவல்பிண்டி காட்டிய வழி

மனநல மருத்துவரே இல்லாத கிராமத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு, நம்மைப் போன்றே குடும்ப அமைப்புள்ள பாகிஸ்தானில் இருந்து ஒரு பதில் வந்தது. ராவல்பிண்டியை ஒட்டிய கிராமப் பகுதியில் அதிஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவும், வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு எளிய உளவியல் முறை ஒன்றைப் பயிற்றுவித்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் வாரம் ஒருமுறை, பிரசவமான முதல் மாதத்தில் மூன்று முறை, பின்பு மாதம் ஒருமுறை என்று மொத்தம் 16 சந்திப்புகள். மனச்சோர்வு இருந்த 903 பெண்கள் இதில் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு இந்த முறையில் பேச்சு, மறு பாதிக்குப் பயிற்சி பெறாத பணியாளரின் அதே எண்ணிக்கையிலான வருகை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது பேச்சு கிடைத்தவர்களில் 23% பேருக்கு மனச்சோர்வு நீடித்தது, மற்றவர்களில் 53% பேருக்கு. முடிவுகள் 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயின.

அவர்கள் வீட்டுக்குள் நுழைந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘உங்கள் மருமகளுக்கு மனநோய்’ என்று கதவைத் தட்டவில்லை. குழந்தை நன்றாக வளர என்ன செய்யலாம் என்று பேச வந்திருக்கிறோம் என்று சொன்னார்கள்.  குழந்தையின் நலம் என்ற பொது விஷயத்தில் மாமியார், கணவர், தாய் எல்லோரும் ஒரே பக்கம் உட்கார முடிந்தது. அதன் வழியே தாயின் ஓய்வும், அவர் மனதில் ஓடும் இருண்ட எண்ணங்களும், உதவியைப் பங்கிடுவதும் பேச்சுக்கு வந்தன. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி கூடியது, அப்பா அம்மா இருவருமே குழந்தையோடு விளையாடும் நேரமும் கூடியது. உலக சுகாதார நிறுவனம் பின்னர் இதைக் கையேடாகவே வெளியிட்டது.

தமிழ்நாட்டில் இதற்கான ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியர் கர்ப்பத்தைப் பதிவு செய்வது முதல் தடுப்பூசி வரை அந்தப் பெண்ணோடு கூடவே வருகிறார். அங்கன்வாடிப் பணியாளருக்கு அந்தத் தெருவின் ஒவ்வொரு வீடும் தெரியும். 1987-இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. ஐந்து நிமிடத்தில் கேட்டு முடித்துவிடலாம், பத்தாவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதன் தமிழ் வடிவத்தை வேலூரில் சோதித்துப் பார்த்து, இங்கும் சரியாக வேலை செய்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பது போல இதையும் எல்லோருக்கும் கேட்பதை வழக்கமாக்க வேண்டும். செவிலியரின் வேலைப் பளு ஏற்கெனவே அதிகம் என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஆள் கூட்டுவதுதான் வழி. கேள்வியை விட்டுவிடுவது வழியல்ல.

வீட்டாரைப் பற்றிப் பேசும்போது, வீடே ஆபத்தாக இருக்கிற பெண்ணை மறந்துவிடக் கூடாது. குடித்துவிட்டு அடிக்கும் கணவரையோ, பெண் பிறந்ததற்காகச் சோற்றில் கை வைக்கவிடாத வீட்டையோ கூட்டி உட்காரவைத்து ஆலோசனை சொல்வது அவருக்கே கெடுதலாக முடியலாம். அதனால் ஒவ்வொரு வருகையிலும் சில நிமிடமாவது அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும். எடை பார்க்கிறேன், தையல் பார்க்கிறேன் என்று மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கலாம். பெண்களுக்கான 181 உதவி எண் இருப்பதை அப்போது சொல்லலாம்.

பார்த்துக்கொள்பவர்களுக்கும் உடம்பும் மனமும் உண்டு. பெண்ணின் அம்மாவுக்கு, என் வளர்ப்பில்தான் ஏதோ குறையா என்ற உறுத்தல் விடாது. கணவருக்கோ பணக் கவலை, தூக்கமின்மை, யாரிடமும் சொல்ல முடியாத குழப்பம். குழந்தை பிறப்பை ஒட்டிய காலத்தில் தந்தையரிலும் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று 2010-இல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு காட்டியது. மனைவிக்கு நோய் இருந்தால் அவருக்கு வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆண்கள் அதை அழுது காட்ட மாட்டார்கள். எரிச்சலாக, குடியாக, வீட்டுக்கு வராமல் இருப்பதாக அது வெளிப்படும். மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனத்தில் அது முதலாளியின் மனதைப் பொறுத்தது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் மருத்துவமனையில் கழிந்தால் அன்றைய சம்பளம் போச்சு. சொந்தக்காரர்கள் ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுவந்து தருவதும், மூத்த குழந்தையைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவருவதும், கூப்பிட்டதும் வண்டி எடுத்துக்கொண்டு வருவதும் பெரிய உதவி. ‘நல்லா இருக்காளா?’ என்று அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்கிறவர்கள், ‘நீ எப்படிப்பா இருக்கே?’ என்று கணவரையும் கேட்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசுச் சேவை அது. தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் எடுப்பார்கள். நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை. கணவரோ அம்மாவோ கூப்பிட்டு, இப்படி இருக்கிறாள், என்ன செய்யலாம் என்று கேட்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தீவிர அறிகுறி என்றால் போனில் நேரம் கழிக்காமல் நேரே அங்கே போய்விட வேண்டும்.

குணமான பிறகு வீட்டார் எல்லோரும் அதை மறந்துவிடத்தான் விரும்புவார்கள். அடுத்த கர்ப்பம் வரும்போது புதிய மருத்துவரிடம் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். ஒருமுறை பிரசவத்துக்குப் பின் தீவிர மனநோய் வந்தவருக்கு அடுத்த பிரசவத்தில் அது திரும்ப வரும் வாய்ப்பு மூவரில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை இருக்கிறது. இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கு, முன்பு பிரசவத்தில் வந்திராவிட்டாலும், ஐந்தில் ஒருவருக்கு வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் தடுக்க நிறைய வழி உண்டு. கருவுறும் முன்பே மனநல மருத்துவரைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொள்ளலாம். குறிப்பாக, இருதுருவ மனநோய்க்குத் தரப்படும் வால்ப்ரோயேட் கருவுக்குக் கேடு செய்யும் மருந்து, அதைக் கர்ப்பத்தில் தொடரக் கூடாது, ஆனால் தானாகவும் நிறுத்தக் கூடாது. எந்த மருத்துவமனையில் பிரசவம், முதல் இரண்டு வாரம் இரவில் யார் விழிப்பது, எந்த அறிகுறி கண்டால் யாருக்குப் போன் செய்வது என்று பிரசவத்துக்கு முன்பே இரண்டு வீட்டாரும் பேசி எழுதிவைத்துக்கொள்ளலாம். மகப்பேறு மருத்துவரிடம் முதல் நாளே பழைய மருந்துச் சீட்டைக் காட்டிவிட வேண்டும்.